புளிப்புக்குப் புளிப்பு

வெள்ளை ஒயினில் ஐஸ் கட்டி போடுகிறவர்களை மூக்கக்கா மன்னித்துவிடுவாள். வெயிலில் வந்திருப்பார்கள், தொண்டை காய்ந்திருக்கும், போகட்டும். சோடா ஊற்றுகிறவர்களைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். "எல்லாத்துக்கும் சேர்ற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் சேர்வது தண்ணீர் ஒன்றுதான். அது குழாயிலேயே வருகிறது. அதை ஊற்றிக் கொடுக்க, முப்பத்தோரு வருட அனுபவமுள்ள ஒருத்தி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டுமா?

அவளுடைய நிஜப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். கோப்பை, கார்க், மேசைத்துணி, கழுவி வைத்த கரண்டி, எதுவும் தப்பாது. அதனால் மூக்கக்கா. இருபது வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் ஒயின் பரிமாறிக்கொண்டிருந்தாள். தம்பி துறைமுகத்துக்குப் பின்தெருவில் பதினோரு மேசை போட்டு மீன் சாப்பாட்டுக் கடை ஆரம்பித்தபோது, "நீ வந்தாத்தான்க்கா அது கடை, இல்லாட்டி வெறும் அடுப்பு" என்று கூப்பிட்டான். ஹோட்டலை உதறிவிட்டு வந்துவிட்டாள். அது ஆயிற்று பதினோரு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "ஒரு ஆம்பளையோட தினம் மல்லுக்கட்டறேனே, போதாதா?" என்று சமையலறைப் பக்கம் மோவாயைக் காட்டுவாள்.

கடைக்கென்று முதல் நாளே அவள் தேர்ந்தெடுத்த ஒயின் மஸ்கடே. பிரான்சில் லுவார் ஆறு கடலில் விழுகிற பக்கத்துத் திராட்சை. பகட்டான சரக்கு இல்லை, பாட்டிலைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். வெளிறிய நிறம். வாயில் வைத்தால் அரிந்த பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டலோடேயே தொட்டியில் கிடந்துவிட்டு வருவதால் புளிப்புக்கு அடியில் ஒரு மெதுமெதுப்பும் இருக்கும். பச்சைச் சிப்பிக்கு அது. ஆவியில் வாய் திறந்த மட்டிக்கு அது. வேகவைத்த நண்டு, மாவில் புரட்டிப் பொரித்த பொடிமீன், வெண்ணெயில் வாட்டிய வெள்ளை மீன், எல்லாம் முடிந்தபின் இளசான ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு, இவற்றுக்கெல்லாம் அது. மாட்டிறைச்சிக்குக் கிடையாது. இனிப்பு சாஸுக்குக் கிடையாது. காரத்தில் எரிகிற வாய்க்குக் கிடையவே கிடையாது. குளிர்ச்சியும் அளவோடு இருக்க வேண்டும், பல் கூசுகிற அளவுக்கு உறையவைத்தால் அதில் ஒயின் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதை அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வாள். இருபது பேரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அதில் பாதிப் பேர், "சரி, சிவப்பு இருக்கா?" என்பார்கள். மூக்கக்கா சிரித்த முகத்தோடு கூடத்து மூலைக்கு வந்து, பாட்டில் அலமாரியைப் பார்த்து நின்று, மனதுக்குள் ஒரு தரம் திட்டித் தீர்த்துவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டு போவாள்.

வாடிக்கையாளர்கள் கொடுக்கும் எரிச்சல் இரவு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். தீராத எரிச்சல் தம்பிதான். ஒன்பது வருடமாக இருவரும் பேசுவதில்லை.

அதற்குக் காரணம் அவள் பழைய ஹோட்டலின் மேலாளர். ஒரு மத்தியானம் அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தார். மூக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்தார், ஒரு துண்டு மீன் சாப்பிட்டார், முகத்தைச் சுளித்து, "என்னமோ சரியில்லையே" என்றார். அவள் யோசிக்கக்கூட இல்லை. "இன்னைக்கு மீன் சரியா அமையல சார். ஒயின் மேல தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அந்த ஜன்னலில் தம்பி நின்றிருந்தான். அடுத்த தட்டை வைத்துவிட்டு உள்ளே திரும்பினான். அன்றிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், தப்பு ஒயின் மேல்தான். அந்தப் பெட்டியை நாலு நாளாக வெயில் விழுகிற ஓரத்தில் வைத்திருந்தது அவளேதான். அவர்கள் போனபிறகு மிச்சத்தை மோந்து பார்த்தாள். வேகவைத்த ஆப்பிள் வாடை அடித்தது. மூக்கக்கா என்று பேர் வைத்துக்கொண்டு, ஊற்றும் முன் மோந்து பார்க்காத ஒரே பாட்டில் அது. அன்று சாயங்காலமே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இவளுக்கும் வீம்பு வந்துவிட்டது. பிறகு சொல்கிற காலம் போய்விட்டது.

நடுவில் மாட்டிக்கொண்டது தம்பி பெண்டாட்டி. கல்லாவில் உட்காருகிறவள் என்பதால் கடையில் அவள் பேர் கல்லாக்காரி. ஜன்னலுக்கு ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் கல்லா. "மட்டி தீர்ந்துபோச்சுன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லும்மா." "ஆறாம் நம்பர் மேசைக்குத் தட்டு ரெடின்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு." இருவரும் மூன்றடி தூரத்தில் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்க நின்றுகொண்டு இப்படித்தான் பேசுவார்கள். கல்லாக்காரி ஒரு பக்கம் சில்லறை எண்ணிக்கொண்டே மறுபக்கம் கேட்டதைத் திருப்பிச் சொல்வாள்.

என்றாலும் தொழில் தொழில்தான். தினமும் காலையில் தம்பி அன்றைய மீனை ஒரு சீட்டில் எழுதி ஜன்னல் கொக்கியில் மாட்டுவான். அவள் அதற்குக் கீழே ஒயினின் பேரை எழுதுவாள். எழுதும் முன், மீன் மேல் ஊற்ற அவன் ஜன்னல் திட்டில் வைக்கும் சாஸில் ஒரு கரண்டி, யாரும் பார்க்காதபோது, எடுத்து நாக்கில் வைப்பாள். அந்தச் சாஸ்தான் வருடா வருடம் அவள் பொறுமையைச் சோதித்தது. முதலில் எலுமிச்சை தூக்கலாக இருந்தது. அடுத்த வருடம் அதோடு வினிகர் சேர்ந்தது. அதற்கடுத்த வருடம் வினிகரில் ஊறவைத்த குடமிளகாயும் வந்துவிட்டது. அவ்வளவு புளிப்பைச் சாப்பிட்ட வாய்க்கு நல்ல மஸ்கடேகூடக் கழனித் தண்ணீராகத்தான் இருக்கும். அவளும் சளைக்கவில்லை. சூரியன் சரியாக அடிக்காமல் திராட்சை புளிப்பாகவே நின்ற வருடத்து மஸ்கடேயாகத் தேடி வாங்கினாள். அதுவும் தாக்குப்பிடிக்காமல், அதே பக்கத்தில் விளைகிற வேறொரு திராட்சையின் ஒயினான குரோ பிளானுக்கு மாறினாள். அதன் புளிப்பு இன்னும் கூர்மை. தனியே குடித்தால் காது வரை சிலிர்க்கும். இந்தச் சாஸுக்கு இதுதான் கதி என்று முணுமுணுத்துக்கொண்டே சீட்டில் எழுதுவாள்.

"அண்ணி, ரொம்பப் புளிக்குது" என்று கல்லாக்காரி பல தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஆரஞ்சு சோடா குடிக்கிற வாய் உனக்கு. உனக்கு எல்லாமே புளிக்கும்" என்று மூக்கக்கா வாயை அடைத்துவிடுவாள். அதே குறையைப் புருஷனிடம் சொன்னாலும் அங்கேயும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்தது என்பது மூக்கக்காவுக்குத் தெரியாது.

கூட்டம் குறைந்தது. முதலில் மழை என்றார்கள், பிறகு தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். தெருவை மூடியும் கூட்டம் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஓரத்து மேசைக்கு வருகிற ஓய்வுபெற்ற தையல்காரரும் அவர் மனைவியும் நாலு மாதமாகக் காணோம். ஒருநாள் மருந்துக் கடையில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"என்ன, ஆளையே காணோம்? நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

அவர் நெளிந்தார். கையிலிருந்த நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க கடையில சாப்பிட்டா மூணு நாளைக்கு இதுதான் சாப்பாடு. வீட்டுக்காரிக்கும் சேத்துத்தான் வாங்கறேன்."

மூக்கக்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தம்பியைத் திட்டினாள். என் ஒயினைக் கெடுத்தால் கெடுத்துக்கொண்டு போகட்டும், அதற்காக ஊரார் வயிற்றையுமா கெடுப்பது?

அந்த வாரம் திங்கட்கிழமை, கல்லாக்காரி ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, ஒரு கண் உள்ளேயும் ஒரு கண் வெளியேயுமாகச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். கட்டட வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கறதா இல்லையான்னு வியாழக்கிழமை நான் போய்ப் பதில் சொல்லணும். பாதி மேசை காலியா கிடக்குது. எனக்கு யோசனையா இருக்கு."

உள்ளே கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. மூக்கக்கா கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

வேலை போனால் போகட்டும், பழைய ஹோட்டலில் இப்போது போய் நின்றாலும் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்குப் பயம் அதில் இல்லை. கடை மூடினால் தம்பியை எங்கே பார்ப்பது? அவன் வீட்டுக்கு இவள் போவதில்லை, இவள் வீட்டுக்கு அவன் வருவதில்லை. அவன் காலையில் இருமுகிற இருமல், கோபம் வந்தால் வாணலியை அழுத்தி வைக்கிற விதம், தலையில் நரை ஏறின கணக்கு, எல்லாம் இந்த ஜன்னல் வழியாகத்தான் அவளுக்குத் தெரியும். அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருத்தன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் ஒன்பது வருடத்தை ஓட்டினாள். இப்போது அந்தக் கூரைக்கும் ஆபத்து.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடிந்தது. கல்லாக்காரி குடையை எடுத்துக்கொண்டு கட்டடச் சொந்தக்காரரைப் பார்க்கப் போய்விட்டாள். மூக்கக்கா கூடத்தில் நின்று, உள்ளே ஒரு விஷயம் சொல்லி அனுப்ப வாயைத் திறந்தாள். சொல்லி அனுப்ப ஆள் இல்லை. பிறகு ஒரு குரோ பிளான் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருடமாக மிதிக்காத சமையலறைக்குள் நுழைந்தாள்.

தம்பி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அவ இல்ல. வெளிய போயிருக்கா" என்றாள் மூக்கக்கா. "ஒரு தட்டுக்கு எத்தனை எலுமிச்சம்பழம்டா பிழியற நீ?"

அவன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். அவளும் நகர்வதாக இல்லை. கடைசியில் அவன் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உன் ஒயினுக்கு எத்தனை வேணுமோ அத்தனை."

"என் ஒயினுக்கும் உன் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம்?"

"மேசையில மிஞ்சற பாட்டில்ல தினம் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சாஸ் போடறேன். அதக் குடிச்ச வாய்க்கு என் மீன் சப்புன்னு இருக்கு. அதான் பிழியறேன். நீ வருஷா வருஷம் புளிப்ப ஏத்திக்கிட்டே போற. நானும் என்ன பண்ணுவேன்?"

மூக்கக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"டேய், நீ ஏத்தினதாலதான்டா நான் ஏத்தினேன். உன் சாஸத் தொட்டுக்கிட்டுக் குடிச்சா நல்ல ஒயின் தண்ணியா இருக்கு. தேடித் தேடி, பல் கூசற சரக்கா வாங்கினேன்."

"நான் உன் ஒயினுக்காகத்தான் ஏத்தினேன்."

"நான் உன் மீனுக்காகடா."

அவள் எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய மஸ்கடே ஒன்றை எடுத்து வந்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் வாணலியை வைத்து, ஒரு வெள்ளை மீன் துண்டை வெறும் வெண்ணெயும் உப்பும் போட்டு வாட்டினான். ஒரே தட்டில் இரண்டு முள்கரண்டி. சாப்பிட்டார்கள், குடித்தார்கள். மீன் மீனாக இருந்தது. வெண்ணெயின் கனத்தை ஒயின் வந்து துடைத்துவிட்டுப் போனது, அடுத்த வாய்க்கு ஆசை வந்தது. முதல் இரண்டு வருடம் கடையில் இந்தச் சாப்பாட்டுக்குத்தான் ஆட்கள் காத்திருந்து உட்கார்ந்தார்கள். பிறகு பகலில் மிஞ்சின சாஸையும் குரோ பிளானையும் சேர்த்து ஒரு வாய் வைத்துப் பார்த்தார்கள். தம்பி கழுவுகிற தொட்டிக்கு ஓடினான். மூக்கக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையா ஆளுங்களுக்குக் குடுத்தோம்?" என்றான்.

"காசு வாங்கிக்கிட்டுக் குடுத்தோம்."

ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்காத ஒன்பது வருடமும், அவன் சமைத்ததை அவளும் அவள் ஊற்றியதை அவனும் ஒருநாள் தவறாமல் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு இருந்த மனசு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்பதற்கு இல்லாமல் போயிற்று. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? மூக்கக்காவுக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் பாதி வழியில் திரும்பித் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது. இனிமேல் தாங்காது என்று தோன்றியது.

"அன்னைக்கு அந்த மேலாளர் வந்தாரே," என்றாள். "மீன் நல்லாத்தான் இருந்தது. ஒயின்தான் கெட்டுப்போச்சு. நான்தான் வெயில்ல வச்சிருந்தேன். அவருக்கு முன்னாடி என் தப்புன்னு சொல்ல வாய் வரல. உன் தலையில போட்டுட்டேன்."

தம்பி வாணலியைத் துணியால் துடைத்தான். துடைத்து, மாட்டினான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"மிச்சத்த அன்னைக்கே குடிச்சுப் பாத்தேன். வெந்த ஆப்பிள் வாடை அடிச்சுது."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். மொதல்ல ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஓங்கி ஒரு அறை வைக்கலாம் போல இருந்தது. யாருக்கு வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

வாசல் மணி அடித்தது. கல்லாக்காரி குடையை மடக்கிக்கொண்டே வந்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"வந்துட்டியா? என்ன தப்புன்னு கண்டுபிடிச்சாச்சு" என்றாள் மூக்கக்கா. "எல்லாம் புளிப்பு. ஒண்ணுக்கொண்ணு ஏத்தி ஏத்தி வச்சிருக்கோம். நாளைக்கே மாத்திடலாம், ஒரே மாசத்துல கூட்டம் வந்துரும்."

கல்லாக்காரி கல்லா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "நான் வேணாம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன் அண்ணி."

"எங்கள ஒரு வார்த்தை கேக்காமலா?" என்றான் தம்பி.

"நான் கேக்கலையா? எத்தனை வருஷமா புளிக்குது புளிக்குதுன்னு கத்தினேன்? ஒருத்தராவது காதுல போட்டுக்கிட்டீங்களா? எனக்கு நாக்கே இல்லன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "கடையக்கூடப் பாத்துக்குவேன். உங்க ரெண்டு பேருக்கும் வாயா இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போச்சு. என்னால இனிமே முடியாது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மூக்கக்கா தட்டில் மிஞ்சியிருந்த மீனையும் ஒரு கோப்பை மஸ்கடேயையும் கொண்டுபோய் அவள் முன் வைத்தாள். கல்லாக்காரி ஒரு துண்டை வாயில் போட்டு, ஒரு வாய் குடித்து, "இப்ப நல்லா இருக்கு" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

சாயங்காலக் கடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மூக்கக்கா திரும்பி உள்ளே வந்தாள். தம்பி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. மட்டி வாங்கி வைக்கறேன், நீ வந்து சமை."

அவன் தலையாட்டினான். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, "வீடு எங்கக்கா?" என்று கேட்டான்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. திட்ட வாயெடுத்தவள் விட்டுவிட்டாள். "தபால் ஆபீசுக்கு எதுத்தாப்பல, மஞ்சக் கட்டடம். மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல."

"இந்த வயசுல தினமும் மூணு மாடி ஏறி இறங்கறியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்று அவன் எரிந்து விழுந்தான்.